கழுத்துத் தமனி ஸ்கேன்: யாருக்கு, எப்போது, எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் நடைபெறவிருக்கும் இலவச முழு உடல் பரிசோதனை முகாம் ஒன்றைப் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். நாற்பது வயது கடந்த அனைவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுடன் கழுத்து இரத்தக் குழாய் அடைப்பைக் கண்டறியும் டாப்ளர் ஸ்கேனும் எடுக்கப்படும் என்று அச்செய்தி தெரிவித்தது. முகாம் நடத்துவோரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் பள்ளிக்கூடமும் ஊருணியும் கோயில் திருப்பணியும் தனியார் கொடையால் எழுந்தவை. அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இத்தகைய முகாம்களையும் பார்க்கிறேன். ஆயினும் அந்த ஒரு ஸ்கேன் தேவையில்லாதவர்களுக்கு வரிசையில் நிறுத்தி எடுக்கப்படுவதும், தேவைப்படுபவர்களுக்குத் தேவையான நாளில் கிடைக்காமல் போவதும் ஒருங்கே நடந்துவருவதால், என் குடும்பத்தில் நேர்ந்ததை முன்வைத்துச் சிலவற்றை எழுத வேண்டியவனாகிறேன்.

என் அண்ணனுக்கு வயது 68. வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதிப் பிழைத்தவர். அவர் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் இதுபோன்ற முகாம் ஒன்றில் அவருக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்து, 'பெரிய அடைப்பு இல்லை' என்று ஒற்றை வரியில் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். அதை அவர் பெட்டகத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மாசி மாதத்தில் ஒரு நாள் காலை வளவில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. அண்ணி என்னவென்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குழறியது. கால் மணி நேரத்தில் கையும் பேச்சும் பழையபடி ஆகிவிட்டன. அருகிலிருந்த சிகிச்சையகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது அசதி என்று கூறி, குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் கேட்டபோது, 'இப்போது சரியாகிவிட்டது, கழுத்து ஸ்கேன்கூட முன்பே எடுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்' என்றே நாங்கள் அனைவரும் பதில் சொன்னோம். பதினோராம் நாள் விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மதுரைக்குக் கொண்டுசென்று ஸ்கேன் எடுத்தபோது, கழுத்தின் இடப்பக்கத் தமனியில், திரையில் கறுத்துத் தெரிந்த, மேற்பரப்பு குழி விழுந்த கொழுப்புப் படிவு ஒன்றும், அவ்விடத்தில் விநாடிக்கு 310 சென்டிமீட்டர் என்ற மிகை வேகத்தில் பாயும் இரத்தமும் தெரிந்தன. மூளையில் பாதிப்பு பெரிதாகிவிட்டதால் அறுவைச் சிகிச்சையால் பயனில்லை என்றார்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார். வலக்கை எழுதுவதில்லை.

மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். டாப்ளர் விளைவைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அண்ணனின் ஸ்கேன் அறையில் நின்றபோதுதான், பாடமாகச் சொன்னதையெல்லாம் உயிர் தொடர்பான ஒன்றாக நினைத்துப் பார்த்தேன். அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, மருத்துவர் அல்லாத ஒருவர் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் கரோட்டிட் தமனி, குரல்வளையின் மேல்விளிம்புக்கு அருகில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் செல்கின்றன. பிரியும் இடத்தில் குழாய் சற்றே விரிந்திருப்பதால், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அகன்று கிளை பிரியும் இடத்தில் நீர் ஓரமாகச் சுழன்று மெதுவாவதுபோல, இரத்தமும் அங்கே வெளிச்சுவரை ஒட்டி மந்தமடைகிறது. படிவு பெரும்பாலும் தோன்றுவது அங்கேதான். ஆனால் வண்டலைப்போல் அது மேலே வந்து படிவதன்று. குழாயின் உட்சுவருக்குள்ளேயே கொழுப்பு சேர்ந்து, சுவர் தடித்து உள்நோக்கிப் புடைக்கிறது. அப்புடைப்பின் மேல்தோல் கிழிந்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, உறைந்ததில் ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குப் போகிறது. துணுக்கு சிறிதாக இருந்து தானாகக் கரைந்தால் கால் மணி நேரத் தளர்ச்சியோடு முடிந்துவிடும். என் அண்ணனுக்கு மாசியில் நேர்ந்தது அதுவாகவே இருந்திருக்க வேண்டும். கிழிந்த இடம் ஆறாமல் இருக்கும்வரை அடுத்த துணுக்கு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

இந்தப் படிவைக் காண அல்ட்ராசவுண்ட் மிக நல்ல கருவி. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, பட்டினி கிடக்கத் தேவையில்லை. கழுத்தில் ஜெல் தடவிக் கருவியின் முனையை மெதுவாக நகர்த்தினால் அரை மணி நேரத்துக்குள் இரு பக்கமும் பார்த்துவிடலாம். கருவி செய்வது இரண்டு வேலை. முதலாவது, சுவரின் படத்தைக் காட்டுவது. இரண்டாவது, இரத்தத்தின் வேகத்தை அளப்பது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாய்வதுபோல, தமனி குறுகிய இடத்தில் இரத்தத்தின் வேகம் கூடுகிறது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியான் டாப்ளர் 1842-இல் இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்க எழுதிய கருத்துதான் இவ்வேகத்தை அளக்க உதவுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியலை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தத்தில் 60 பாகைக் கோணத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் ஏறத்தாழ 3,250 ஹெர்ட்ஸ் மாறுகிறது. இந்த மாற்றம் மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதாலேயே ஸ்கேன் அறையில் 'உஸ், உஸ்' என்ற ஓசை கேட்கிறது.

அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியலாளர்கள் கூடி 2003-இல் வெளியிட்ட அளவுகோலைப் பல ஸ்கேன் மையங்கள் பின்பற்றுகின்றன. மூளைக்குச் செல்லும் கிளையில் இதயத்துடிப்பின் உச்சத்தில் வேகம் விநாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் அடைப்பு 50 விழுக்காட்டுக்குக் கீழ். 125 முதல் 230 வரை இருந்தால் 50 முதல் 69 விழுக்காடு. 230-ஐத் தாண்டினால் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல். படத்தில் தெரியும் படிவையும் சேர்த்துப் பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் ஒன்று வருகிறது. கருவி தானாக வேகத்தை அறிவதில்லை. ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை ஸ்கேன் எடுப்பவர் திரையில் ஒரு கோட்டைத் திருப்பிக் குறிக்க, அதைக் கொண்டே அது கணக்கிடுகிறது. உண்மைக் கோணம் 60 பாகையாக இருக்க அவர் அவசரத்தில் 70 என்று குறித்துவிட்டால், 100 சென்டிமீட்டர் வேகம் 146 என்று அச்சாகும். அடைப்பே இல்லாதவர் அந்த நொடியில் பாதி அடைப்புக்காரர் ஆகிவிடுவார். கோணம் 60 பாகைக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இதனால் ஏற்பட்டது. ஒரு நாளில் முந்நூறு பேருக்கு ஸ்கேன் எடுக்கும் பந்தலில் இக்கோட்டை ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருப்ப முடியுமா என்பதை முகாம் நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். வேகம் ஏமாற்றும் இடங்கள் இன்னும் உள்ளன. ஒரு பக்கத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தால் மறுபக்கம் அதன் சுமையையும் சேர்த்துச் சுமப்பதால் அங்கே வேகம் கூடித் தெரியும். குழாய் நூலிழை அளவுக்குச் சுருங்கிவிட்டாலோ வேகம் மீண்டும் குறைந்து, ஒன்றுமில்லை என்பதுபோல் காட்டும்.

விழுக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டம் பாதியாகக் குறைந்தால் பரப்பு நாலில் ஒன்றாகிறது. ஆகவே விட்டக் கணக்கில் 50 விழுக்காடு அடைப்பு என்பதைப் பரப்புக் கணக்கில் 75 விழுக்காடு என்று எழுதலாம். இரண்டும் உண்மையே. எந்தக் கணக்கு என்று எழுதாமல் 75 என்ற எண்ணை மட்டும் அச்சிட்ட தாளுடன் வீடு திரும்பும் குடும்பம் அன்று இரவு உறங்காது. அறுவைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் விட்டக் கணக்கைக் கொண்டே அமைந்தவை.

அடைப்பின் அளவோடு படிவின் தன்மையையும் அறிக்கை சொல்ல வேண்டும். நார்த்திசுவும் சுண்ணாம்பும் கலந்து இறுகிய படிவு திரையில் வெண்மையாகத் தெரியும். சுண்ணாம்பு மிகுந்தால் பின்னால் கறுப்பு நிழல் விழும். அந்நிழல் குழாயின் உட்புறத்தை மறைத்துவிடுவதால் அத்தகையவர்களுக்குச் சி.டி. ஆஞ்சியோ (மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் எக்ஸ்ரே ஸ்கேன்) தேவைப்படலாம். கொழுப்பும் கசிந்த இரத்தமும் நிறைந்த மென்மையான படிவோ கறுத்துத் தெரியும். இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வண்ண டாப்ளரை இயக்காமல் பார்த்தால் இரத்தத்தோடு இரத்தமாகக் கண்ணுக்குத் தப்பிவிடவும் கூடும். கிழிந்து துணுக்கு விடும் வாய்ப்பு இதற்கே அதிகம். மேற்பரப்பு வழுவழுப்பா, கரடுமுரடா, குழி விழுந்துள்ளதா என்பதும் முக்கியம். என் அண்ணனின் முதல் தாளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. வேகமும் இல்லை, கோணமும் இல்லை, படமும் இல்லை. அன்று அப்படிவு கண்ணுக்குத் தப்பியதா, அல்லது இடைப்பட்ட மாதங்களில் வளர்ந்ததா என்பதை இனி எவராலும் கூற முடியாது. அந்தத் தாள் எங்களுக்குக் கொடுத்த பொய்யான நிம்மதிதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

அறிகுறி ஏதுமற்றவர்களுக்கு இந்த ஸ்கேன் எடுப்பதில் என்ன தவறு என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் முகாமுக்கு வருகிறார்கள்; அவர்களுள் பத்துப் பேருக்கு உண்மையிலேயே பெரிய அடைப்பு இருக்கிறது; ஸ்கேன் அந்தப் பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்கும், அடைப்பில்லாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரைத் தவறாகச் சுட்டிக்காட்டும் என்று கொள்வோம். அப்படியானால் 88 பேருக்கு 'அடைப்பு' என்று எழுதிய தாள் கிடைக்கும். உண்மையில் அடைப்புள்ளவர் அவர்களுள் ஒன்பது பேர்தாம். மற்ற 79 பேர் சி.டி. ஆஞ்சியோவுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலைவார்கள். அறிகுறி இல்லாதவர்களின் தமனியைத் திறந்து படிவை அகற்றும் அறுவைச் சிகிச்சையிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பக்கவாதமோ உயிரிழப்போ நேரக்கூடும் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2007, 2014, 2021 ஆகிய மூன்று முறையும், அறிகுறியற்ற பொதுமக்களுக்குக் கழுத்துத் தமனி அடைப்புக்கான பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது கழுத்தில் இரைச்சல் கேட்டதாலோ, இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, வேறு தக்க காரணத்தாலோ ஒரு மருத்துவர் தம் நோயாளிக்கு இந்த ஸ்கேனை எழுதித் தருவது வேறு. அதை நான் குறை கூறவில்லை.

அறிகுறி வந்து போனவரின் நிலையோ முற்றிலும் வேறானது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இப்படிச் சற்று நேரம் வந்து போன தளர்ச்சிக்குப் பின் மூன்று மாதத்துக்குள் பத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே நேர்ந்தது. கழுத்துத் தமனியில் 70 விழுக்காடும் அதற்கு மேலும் அடைப்பிருந்து அறிகுறியும் வந்தவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்து வட அமெரிக்க மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருந்து மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தோர் 26 விழுக்காடு. அறுவைச் சிகிச்சையும் பெற்றவர்களில் 9 விழுக்காடு. அந்த நன்மையும் அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை செய்தால்தான் முழுமையாகக் கிடைக்கிறது என்றும், பின்னர் வேகமாகக் குறைகிறது என்றும் அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. ஆக்ஸ்ஃபோர்டில், இத்தகையவர்களை உடனடியாகப் பரிசோதித்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மீண்டும் பக்கவாதம் வருவது ஏறத்தாழ 10 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது என்று 2007-இல் அறிவித்தார்கள். என் அண்ணனுக்கு எங்கள் கையில் பதினொரு நாட்கள் இருந்தன.

எங்கள் வட்டாரத்தில் இந்த அறிகுறிகள் ஏன் தவறவிடப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய வீடுகளில் முதியவர்கள் இருவராகவோ தனியாகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வாய் கோணியதையோ கை தளர்ந்ததையோ கண்ணால் கண்டவர் பெரும்பாலும் சமையல் செய்யும் அம்மாவோ தோட்டம் பார்க்கும் பெரியவரோதான். அவர்களை எவரும் விசாரிப்பதில்லை. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் சில நிமிடம் இருண்டு தெளிந்தால், கண்புரை என்று எண்ணிக் கண் முகாமுக்குப் போகிறோம். கண்ணுக்குச் செல்லும் இரத்தமும் அதே கழுத்துத் தமனி வழியாகவே செல்கிறது என்பதை நினைப்பதில்லை. நரம்பையும் இரத்தக் குழாயையும் பேச்சுவழக்கில் ஒருசேர நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். 'கழுத்து நரம்பில் கோளாறு' என்றவுடன் கழுத்து எலும்புத் தேய்மானத்துக்குப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டவரை நான் நேரில் அறிவேன்.

ஆகவே முகாம் நடத்தும் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இது. கழுத்து ஸ்கேனை முகாமிலிருந்து எடுத்துவிட்டு, அதற்காகும் செலவை, தளர்ச்சி வந்து போன வசதியற்றவர்கள் அன்றே வண்டி பிடித்துப் போகவும் ஸ்கேன் எடுக்கவும் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். எங்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. முகாமில் இரத்த அழுத்தத்தைப் பொறுமையாக இரண்டு முறை அளந்தாலே பெரும் பயன் உண்டு. படிவு வளர்வதற்கு உயர் அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் கெட்ட கொழுப்புமே முதன்மைக் காரணங்கள். ஊறுகாயும் உப்புக்கண்டமும் வற்றலும் இல்லாமல் இலை நிறையாத எங்கள் ஊர்களில் உப்பைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது; அந்தப் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது, 'கை தளர்ந்தது, பேச்சுக் குழறியது, ஒரு கண் இருண்டது என்று ஏதாவது வந்து போனதா?' என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாலே பலர் காப்பாற்றப்படுவார்கள் என்று நம்புகிறேன்.

சுகாதாரத் துறையிடம் கேட்பதும் பெரிதன்று. அத்தகைய அறிகுறியோடு வருபவருக்கு, அது சரியாகிவிட்டிருந்தாலும், தலை ஸ்கேன், இ.சி.ஜி., கழுத்து டாப்ளர் ஆகிய மூன்றும் இரண்டு நாட்களுக்குள் கிடைக்குமாறு மாவட்டத்துக்குள்ளேயே ஏற்பாடு வேண்டும். கழுத்து ஸ்கேன் மட்டும் போதாது. இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையாலும் துணுக்கு கிளம்பலாம், மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் அடைப்பு நம்மவரிடையே அதிகம், அவற்றைக் கழுத்து ஸ்கேன் காட்டாது. அறிக்கையில் இருபக்க வேகங்கள், அளந்த கோணம், படிவு இருக்கும் இடம், அதன் தன்மை, விழுக்காடு எந்தக் கணக்கில் என்பது ஆகியவை எழுதப்பட்டு, படமும் இணைக்கப்பட வேண்டும். பொதுமக்களாகிய நாமும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். தளர்ச்சி வந்தவருக்கு, அது அடைப்பா இரத்தக் கசிவா என்று தெரியும் முன் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது. 108-ஐ அழைப்பதே சரி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் செய்தியை வெளியிட்ட அதே மாவட்டப் பக்கத்தில், முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், ஒரு கண் திடீரென இருளுதல் ஆகிய நான்கையும், 'சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும்' என்ற வரியையும் பெரிய எழுத்தில் கட்டமிட்டு, வாரம் ஒரு முறையேனும் வெளியிட வேண்டுகிறேன். வெட்டி எடுத்துச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில் அது இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் இப்போது அண்ணியின் கையெழுத்தில் அப்படி ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.